தானாகக் கிளம்பிய விமானம்

"தம்பி, பிளேன் தானா கிளம்பிடுச்சு!"

ஹெட்போனில் வந்த அலறலில் அவனுக்குக் காது அடைத்தது. ரிமோட்டில் பறக்கும் குட்டி விமானங்கள் விற்கிற கடை அது. புலம்புகிற வாடிக்கையாளர்களுக்குப் போனில் பதில் சொல்வது அவன் வேலை. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, அதற்குள் அவன் மேல் இரண்டு புகார். மூன்றாவது வந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று மேற்பார்வையாளர் காலையில்தான் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து எல்லோருடைய பேச்சையும் ஒட்டுக்கேட்பதால் அவருக்கு ராடார் என்று பெயர். இப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"தானாவா சார்?"

"ஆமாங்கறேன்! மைதானத்துல இறக்கி வெச்சேன். ரிமோட்டுக்கு பேட்டரி போடத் திரும்பினேன். நிமிர்ந்து பாத்தா மேல சுத்துது. சிவப்புக் கலரு, வெள்ளைக் கோடு. உங்ககிட்ட வாங்கினதேதான்!"

அவன் பிறந்ததிலிருந்து ஒரு பட்டத்தைக்கூட ஒழுங்காகப் பறக்கவிட்டதில்லை. கடையில் கொடுத்த பயிற்சியும் பெரிதாக ஒன்றுமில்லை. 'விழுந்தது', 'உடைந்தது' என்று வாய் தவறியும் சொல்லக் கூடாது. 'தரையிறங்கியது' என்றே சொல்ல வேண்டும். அவ்வளவுதான் பயிற்சி.

"பதறாதீங்க சார். இடது கைக் குச்சியை மெதுவா கீழே இழுங்க. வேகம் குறையும்."

"இழுத்துட்டேன்... ஐயோ, இன்னும் மேல போகுது தம்பி!"

அவன் அலமாரியிலிருந்து அதே மாதிரி ரிமோட் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

"பின்பக்கம் சின்னதா ஒரு சுவிட்ச் இருக்கும் சார். அதை மாத்திப் போடுங்க, நேராயிடும்."

"நேராவா? தலைகீழா பறக்குது! ஏன்ப்பா, நீ பிளேன் விட்டிருக்கியா, இல்லையா?"

கண்ணாடிக்கு அப்பால் ராடார் எழுந்து நின்றார்.

"சார், ரிமோட்டையே ஆஃப் பண்ணிடுங்க. சிக்னல் இல்லேன்னா மோட்டார் நின்னு, இலை மாதிரி மிதந்து வந்துடும்."

"நிச்சயமா?"

"சத்தியமா சார்."

போனில் ரிமோட்டை அணைக்கும் 'டிக்' சத்தம் கேட்டது. பிறகு எங்கோ 'சடார்' என்றது.

"தரையிறங்கிடுச்சா சார்?"

"தரையா? தகரக் கூரை மேல சுக்குநூறாக் கிடக்கு! உன்னைச் சும்மா விடமாட்டேன். இப்பவே புகார் எழுதறேன் பாரு!"

"வேண்டாம் சார்! புது பிளேன் அனுப்பிடறேன் சார்!"

"ஒண்ணா?"

"ரெண்டு சார்!"

வாயை மூடுவதற்குள் ராடார் அவன் மேசைக்கு வந்துவிட்டார். இலவசமாக ஒரு திருகாணி தரவும் அந்தக் கடையில் அவர் கையெழுத்து வேண்டும்.

"ரெண்டா? உன் மாமனார் கம்பெனியா இது?"

அவன் ஒலிவாங்கியைக் கையால் பொத்தினான். "சார், இவரு புகார் குடுக்கலைன்னா என்னை விட்டுடுவீங்கதானே?"

"குடுக்காம இருக்கட்டும், அப்புறம் பேசலாம்."

அதற்குள் போனில் ஒரு பெண் குரல் மூச்சு வாங்கியது. கணவர் கையிலிருந்து பிடுங்கியிருக்க வேண்டும்.

"தம்பி, இவரு பேச்சை விடுங்க, நாங்க புகாரெல்லாம் குடுக்கல. எங்க பிளேன் வெயில்ல கிடக்கேன்னு நான்தான் அப்பவே எடுத்துக் காருக்குள்ள வெச்சேன். இப்ப நொறுங்கினது அதே மாதிரி வேற ஒருத்தரோடது. பாவம், நடுவானத்துல கோளாறாகி அவரும் உங்க நம்பருக்குத்தான் விடாம அடிச்சுக்கிட்டிருந்தாராம், லைன் பிஸியாவே இருந்துச்சாம். இருங்க, அவர்கிட்டயே குடுக்கறேன்."