கிண்ணத்தில் அறுபது பொத்தான்

அன்று கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். இடுப்பு மூட்டு மாற்றி இருபத்து மூன்று நாளான தபால்காரர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி, வீட்டிலேயே ரவிக்கை தைப்பவள். நடைப்பயிற்சி சொல்லிக்கொடுக்க வரும் பிசியோதெரபிப் பெண். மனைவியின் அண்ணன், பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர். அவரும் ஓய்வுதான், கழுத்தில் தொங்கிய விசில் மட்டும் ஓய்வு பெறவில்லை. நான்கு கால் வாக்கரைக் கணக்கில் சேர்க்கவில்லை.

டிரில் மாஸ்டர் பெட்டியோடு வந்திருந்தார். இன்றைய பரிசோதனையில் தபால்காரர் தேறாவிட்டால், ஒரு மாதம் இங்கேயே தங்கி நடக்கவைப்பதாக ஏற்பாடு.

தேறுவோம் என்ற நம்பிக்கை தபால்காரருக்கு இல்லை. காரணம் இருந்தது. கூடத்துக் கிண்ணத்திலிருந்து ஒரு பொத்தானை எடுத்துப் போய்ச் சமையலறை டப்பாவில் போட்டுத் திரும்பினால் ஒரு நடை. தினம் அறுபது பொத்தான். மனைவி தையல் மிஷினில், முதுகைக் காட்டிக்கொண்டு. முப்பது வருஷம் கடிதம் கொடுத்த மனிதர், ஒரே வீட்டுக்கு மூன்று கடிதம் வந்தால் மூன்று தடவையா போவார்? மூன்று மூன்றாக எடுத்தார். நாளுக்கு நாற்பது நடை மிச்சம்.

"காலையில அஞ்சு மணிக்கு எழுந்து பழக்கம் உண்டா, மாப்பிள்ளை?"

"உங்க ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு, மச்சான்?"

"ஐயா, வாக்கரை விட்டுட்டுச் சுவர் வரைக்கும் போங்க" என்றாள் பயிற்சிப் பெண்.

போனார். திரும்பினார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, அறுவை செய்த காலில் நின்றே காட்டினார். அவராலேயே நம்ப முடியவில்லை.

"பிரமாதம்! நான் சொன்ன இருபது நடையை ஒழுங்கா நடந்திருக்கீங்க. இனிமே கைத்தடி போதும்."

"இருபதா?" தபால்காரருக்குக் கோபமே வந்துவிட்டது. "போன்ல நீங்க அறுபதா ஏத்தினதா இவ சொன்னாளே!"

"நானா? நான் போனே பண்ணலியே!"

மூன்று பேரும் மனைவியைப் பார்த்தார்கள். அவள் ஊசியில் நூலைக் கோத்து முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"முதல் நாள் இருபதுதாங்க போட்டேன். டப்பால மூணு மூணா சத்தம் கேட்டுச்சு. ஏழே நடையில தீர்ந்துபோச்சு. மறுநாள்லேருந்து அறுபது போட்டேன்."

"நீ திரும்பிப் பார்க்கவே இல்லியேடி!"

"முதுகுதானே உங்களுக்குக் காட்டினேன்? காது ரெண்டும் வேலையிலதான் இருந்துச்சு."

டிரில் மாஸ்டர் விசிலைக் கழற்றித் தையல் மிஷின் மேல் வைத்தார். "இது உன்கிட்டயே இருக்கட்டும், தங்கச்சி" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். இன்று முதல் முப்பது நடை என்று சொல்லிவிட்டுப் பயிற்சிப் பெண்ணும் போனாள்.

தபால்காரர் தொண்டையைக் கனைத்தார். "முப்பது எண்ணிப் போடு. சத்தியமா இனிமே ஒண்ணொண்ணாத்தான் எடுப்பேன்."

"வேண்டாங்க. கிண்ணத்துல அறுபது அப்படியே இருக்கு, மறுபடி யாரு எண்றது? இனிமே ரெண்டு ரெண்டாத் திருடுங்க, போதும்."

தபால்காரர் இரண்டை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் நடந்தார். கிண்ணத்தில் மிச்சம் ஐம்பத்தெட்டு.