செத்தவர் கேட்ட கட்லட்

இனிமேல் வேளைக்கு ஒரு பிடிச் சோறுதான் என்று நான் சபதம் எடுத்த இடம் கோயில் இல்லை. பலாபத்வல சோதனைச் சாவடி.

அது 2008, யுத்த காலம். பல்லேபொலவில் மிளகுக்கு விலை பேசி முடித்துவிட்டு பஸ்ஸில் மாத்தளைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். எல்லாரையும் இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள். ஆமிக்காரன் என் அட்டையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடியும் அட்டையைப் பார்த்தான்.

"மே ஒயாத?"

இது நீயா என்று சிங்களத்தில் கேட்கிறான். அவன் மேல் குற்றம் சொல்ல முடியாது. படத்தில் இருந்த வீரசிங்கத்துக்கு வயது பதினெட்டு, நிறை ஐம்பது கிலோ. எதிரில் நின்ற வீரசிங்கத்துக்கு வயது நாற்பத்தொன்பது, நிறை நூற்றுப் பன்னிரண்டு கிலோ. படத்தில் இருந்தவனைப் போல இரண்டு பேரை உள்ளே வைத்துத் தைத்தாலும் என்னிடம் இடம் மிச்சம் இருக்கும். ஓரமாக நிற்கச் சொன்னான். அந்தக் காலத்தில் ஓரமாக நிற்கச் சொன்னால் என்னென்ன நினைப்பு வருமோ அத்தனையும் வந்தது. வெயில் வேறு. நெஞ்சு அடித்துக்கொண்டது. பிழைத்தால் இனி வேளைக்கு ஒரு பிடிச் சோறுதான் என்று நினைத்தபடியே சரிந்துவிட்டேன். என்னைத் தூக்கி முச்சக்கரவண்டியில் போட நாலு ஆமிக்காரர்கள் வேண்டியிருந்தது.

டொக்டர் சுற்றி வளைக்கவில்லை. "இருபது கிலோ கொறைங்க. இல்லாட்டி அடுத்த தடவ நாலு பேரு தூக்குறது ஆஸ்பத்திரிக்கா இருக்காது."

என் மனைவி பாலாமணி அழவில்லை, ஏசவில்லை. இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். எனக்கு டொக்டரை விட அதுதான் பயமாக இருந்தது.

எங்கள் வீட்டோடு ஒட்டித்தான் என் மிளகுக் கடை. மூன்றாம் நாள் என்னை அதற்குப் பக்கத்துக் கடைக்குக் கூட்டிப் போனாள். அது றாபியாவின் இன்டர்நெட் கடை. முன்பக்கம் மூன்று கம்பியூட்டர், உள்ளறையில் ஒன்று.

"அண்ணே, ஒங்களப் போல ஆளுங்களுக்குன்னே ஒரு சங்கம் இருக்கு," என்றாள் றாபியா. "பேரு 'மெலிவோம் வாரீர்'. லண்டன், பாரிஸ், மலேசியா, எல்லா எடத்துலயும் இருக்கிற குண்டுத் தமிழாளுங்க. தெனமும் என்ன சாப்பிட்டோம்னு எழுதணும். ஒருத்தருக்கொருத்தர் தைரியம் சொல்லுவாங்க."

"பொய் எழுதினா?"

"யாரு பாக்கப் போறா?"

அந்த வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது. சேர்ந்துவிட்டேன்.

சங்கத்தில் எனக்கு நெருக்கமானவர் டொரன்டோ அழகர்சாமி. பிறந்தது உக்குவளையாம். எண்பத்து மூன்று கலவரத்தில் நாட்டை விட்டுப் போனவராம். தனிக்கட்டை. படம் போடவில்லை. படம் போடாதவர்களுக்கு அங்கே ஒரு சாம்பல் நிறத் தலை இருக்கும். முகம் இருக்காது. அந்தத் தலை தினமும் எனக்கு எழுதும்: 'தம்பி வீரசிங்கம், நானும் பட்டினி, நீயும் பட்டினி. தைரியமாக இரு.' சாலிஹின் சிற்றுண்டிக் கடையில் பொரித்த ரோல்ஸ் தின்ற கையோடு அதைப் படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கும். 'இன்று குரக்கன் கஞ்சி, ஒரு வெள்ளரிக்காய்' என்று பதில் எழுதுவேன். மிளகு மூட்டை நிறுக்கும் தராசில் ஏறினால் நூற்றுப் பதின்மூன்று காட்டும். தராசு பழசு என்று சொல்லிக்கொள்வேன்.

ஆறாவது வாரம் அழகர்சாமி செத்துப்போனார்.

சங்கத்தில் அறிவித்தல் வந்திருந்தது. 'எமது அங்கத்தவர் அழகர்சாமி மாரடைப்பால் காலமானார். தினமும் பட்டினி என்று எழுதிய அன்னார், இரகசியமாகச் சாப்பிட்டு வந்தமை இறந்த பிறகே தெரிய வந்தது. கடைசியாகச் சாப்பிட்டது ஆறு கட்லட்.'

நான் அழுதேன். நிஜமாகவே அழுதேன். முகம் தெரியாத மனுசனுக்காக இரண்டு நாள் பச்சைத் தண்ணீர்தான் குடித்தேன். மூன்றாம் நாள் பசித்தது. பசியில்தான் எனக்கு மூளை வேலை செய்யும்.

"அழகருக்கு எட்டாம் நாள் படைக்கணும்," என்றேன் பாலாமணியிடம்.

"எந்த அழகரு?"

"கனடா."

"அவரு நமக்கு என்னங்க ஒறவு?"

"பட்டினி ஒறவு. அவருக்கு வேற யாரு இருக்கா? பாவம்."

"என்ன வச்சுப் படைக்க?"

"புடிச்சதத்தான் வைக்கணும். கட்லட், ஆட்டெறச்சிப் பெரட்டல், வட்டிலப்பம்."

"எத்தன கட்லட்?"

"பன்னெண்டு. ஆளு பெருசு."

"சரிங்க."

இருபத்தாறு வருடத்தில் நான் சொன்ன ஒன்றுக்கு அவள் முதல் தடவையிலேயே சரி சொன்னது அன்றைக்குத்தான். நான் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

படையல் அன்று நடுப்பகலிலேயே மழை இருட்டு. பாலாமணி அந்தச் சாம்பல் தலையை றாபியாவிடம் பிரிண்ட் எடுத்து, சட்டம் போட்டு, மாலையும் போட்டுவிட்டாள். முன்னால் தலைவாழை இலை. விளக்கு ஆடும்போதெல்லாம் அந்தத் தலை என் பக்கம் திரும்புவது போல இருந்தது. கண்ணே இல்லாத ஒன்று என்னைப் பார்ப்பதாக ஏன் தோன்றியது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

எங்கள் வழக்கத்தில், படைத்த பிறகு கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே நிற்க வேண்டும். செத்தவர் வந்து சாப்பிட்டுப் போக அவகாசம் கொடுப்பது. என் திட்டமே அந்த அவகாசம்தான். படையல் அறைக்குக் கடைக் களஞ்சியத்தில் இருந்தும் ஒரு வழி உண்டு.

"கடைப்பக்கம் ஆள் கூப்பிடுற மாதிரி இருக்கு," என்று நழுவினேன். களஞ்சிய இருட்டில் தராசில் முழங்காலை இடித்துக்கொண்டேன். உயிர் போனது. சத்தம் போடாமல் உள்ளே நுழைந்து கட்லட்டில் கை வைத்தேன். எட்டுத் தின்றேன். ஆட்டிறைச்சியில் பாதி. வட்டிலப்பம் முழுவதும். தின்னும்போது பிடரியில் யாரோ மூச்சு விடுவது போல ஒரு குளிர். திரும்பிப் பார்க்காமல் தின்றுவிட்டு, வந்த வழியே வெளியே போய் பாலாமணியோடு நின்றேன்.

கதவைத் திறந்த பாலாமணி இலையைப் பார்த்து விறைத்துப்போய் நின்றாள்.

"வந்துட்டுப் போயிருக்காருங்க!" கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"பின்ன? நல்ல மனுசன்," என்றேன் ஏப்பத்தை அடக்கிக்கொண்டு.

இரண்டு நாள் கழித்து, பகல் ஒன்றரை மணி. றாபியா உள்ளறையில் தொழப் போயிருந்தாள். கடையில் நான் மட்டும். தகரத்தில் மழை. சங்கத்தைத் திறந்தேன். அழகர்சாமி என்ற பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது.

ஆள் இருக்கிறார் என்று அர்த்தம்.

எழுத்து வந்தது. 'தம்பி, படையல் வாசம் மட்டும்தான் எனக்கு வந்தது. கட்லட் வரவில்லையே.'

நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினேன். பிறகு அடுத்தது வந்தது. 'தராசில் இடித்த முழங்கால் எப்படி?'

முழங்கால் விஷயம் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. பாலாமணிக்குக் கூட வழுக்கி விழுந்தேன் என்றுதான் சொல்லியிருந்தேன். ஒற்றை விரலால் தட்டினேன்: 'அண்ணே, நீங்கள் செத்துவிட்டீர்கள் அல்லவா?'

'ஆமாம். அதற்கென்ன? இன்று நீ என்ன சாப்பிட்டாய்?'

'குரக்கன் கஞ்சி.'

பச்சைப் புள்ளி அசையாமல் நின்றது. நான் திருத்தி எழுதினேன்: 'சாலிஹ் கடையில் இரண்டு ரோல்ஸ்.'

'மூன்று.'

மூன்றுதான்.

யாரிடம் சொல்வது? பொலிசில் போய், கனடாவில் செத்த ஒரு தமிழாள் என்னைக் கண்காணிக்கிறார் என்றா? அந்த வருடத்தில் அப்படிச் சொன்னால் என்னைத்தான் முதலில் உள்ளே வைப்பார்கள். பாலாமணியிடம் சொன்னால் கட்லட் கதையும் வெளியே வரும். வாயை மூடிக்கொண்டேன். சோற்றுக்கும் சேர்த்துத்தான்.

அதற்குப் பிறகு தினமும் பச்சைப் புள்ளி. நான் எங்கே நின்றேன், எந்தக் கடைக் கண்ணாடியைப் பார்த்து எச்சில் விழுங்கினேன் என்றெல்லாம் வரும். களஞ்சியத்துக்குள் போனால் மூட்டைகளுக்கு நடுவே யாரோ ஒதுங்கி வழி விடுவது போல இருக்கும். தராசில் இருந்து இறங்கிய பிறகும் முள் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டே நிற்கும். ஒரு கை கூடுதலாகச் சோறு எடுத்தால் பிடரியில் அந்தக் குளிர் வரும். திருப்பிப் பானையில் போட்டுவிடுவேன். காலையில் உக்குவளை வரைக்கும் நடந்தேன். நடந்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஓடினேன்.

மூன்று மாதத்தில் எண்பத்தொன்பது கிலோ. டொக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பாலாமணி அன்றைக்குத்தான் அழுதாள்.

அடுத்த கிழமை றாபியாவின் கடையில் கீபோர்டைச் சரியாக வைக்கத் தூக்கினேன். அடியில் மடித்த கொப்பித்தாள் ஒன்று. விரித்தேன். 'எமது அங்கத்தவர் அழகர்சாமி மாரடைப்பால் காலமானார்...' கடைசியில் ஆறு கட்லட் வரைக்கும் அப்படியே இருந்தது. எழுத்து பாலாமணியின் எழுத்து.

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தை விடப் பெரிய சந்தோசமும் வந்தது. பேயும் இல்லை, பிசாசும் இல்லை! நேரே சாலிஹ் கடைக்குப் போனேன். சுடச்சுட ஒரு மாலு பணிஸ் வாங்கிக்கொண்டு, உள்ளே மீன் மணக்க மணக்க, வீட்டுக்குள் நுழைந்தேன்.

"இது யாரு எழுத்து?"

தாளைப் பார்த்தாள். மறைக்கவில்லை. "என் எழுத்துத்தான்."

"அப்ப அழகர்சாமி?"

"நாந்தாங்க. நா எழுதிக் குடுப்பேன், றாபியா அடிப்பா."

"எதுக்கு அந்தாளச் சாகடிச்ச?"

"நீங்க சாகக் கூடாதுன்னு." அவள் குரல் உடைந்தது. "பொய் பொய்யா எழுதிட்டு சாலிஹ் கடைக்கி ஓடுறீங்க. டொக்டர் சொன்ன நாள்ல இருந்து ஒங்க நெஞ்சுல கைய வச்சுப் பாத்துக்கிட்டேதான் கெடக்குறேன். நீங்க இல்லாம நா என்ன செய்வேன்?"

அவளை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? ஆனாலும் ஆண்பிள்ளை. குரலை உயர்த்தினேன்.

"அதுக்காகப் பேய் மாதிரி எழுதி மனுசனப் பயங்காட்டுறதா? படையல்ல கட்லட் வரல்ல, முழங்கால் எப்படின்னு!"

"என்ன முழங்கால்?"

"நடிக்காத. செத்ததுக்குப் பொறகு தெனமும் எழுதினியே!"

"செத்த ஆளு எப்படிங்க எழுதுவாரு?" பாலாமணி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "சாவு அறிவித்தலோட நா நிறுத்திட்டேன். வேற தாள் ஏதும் இருந்தாக் காட்டுங்க."

வேறு தாள் இல்லை. கையில் இருந்தது அந்த ஒன்றுதான்.

"இந்தா பாரு, கட்லட்ட நா தின்னது ஒனக்குத் தெரியும். அதான்..."

"நீங்களா தின்னீங்க?" அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "படைச்ச எலையிலயா கைய வச்சீங்க? அவரு வந்துட்டுப் போனாருன்னுல்ல நெனச்சிக்கிட்டு இருக்கேன்!"

வெளியே நல்ல வெயில். ஆனாலும் என் பிடரியில் அந்தக் குளிர் மெதுவாக ஏறியது. பாலாமணி என் தோளுக்குப் பின்னால் எதையோ பார்ப்பது போலப் பார்த்து, குரலைத் தாழ்த்தினாள்.

"அப்ப அவரு இன்னும் பசியோடதாங்க சுத்துறாரு."

நான் பணிஸை மேசையில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றேன். பாலாமணி ஒரு பயமும் இல்லாமல் அதை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தாள்.