ஓட்டைக்காவின் நாலு நிற நூல்

திருப்பூரில் பிறந்த எந்தப் பனியனும் ஓட்டைக்காவை ஏமாற்றிவிட்டு ரயிலேறியதில்லை. ஊசிமுனை ஓட்டையாக இருந்தாலும் அக்காவின் கண் பட்டதும் ‘நான்தானுங்க’ என்று தானாகவே சரணடைந்துவிடும் என்பார்கள். நான் நம்புகிறேன். அந்தக் கண்ணுக்கு முன்னால் நின்றவன் நான்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அக்காவுக்கு இருந்திருக்க வேண்டும். கம்பெனியில் ஒருவருக்கும் தெரியாது. வடக்கு ஜன்னலை ஒட்டி, செக்கிங் மேஜையின் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பார். பனியனுக்குள் இடது கையை விட்டு, ஐந்து விரலையும் விரித்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்குவார். வெள்ளைத் துணிக்குள் ஒரு கை மலரும், மடியும். பொழுதுக்கும் மலரும், மடியும். பஞ்சுத்தூசி அதைச் சுற்றிப் பனியாக இறங்கிக்கொண்டிருக்கும்.

பழக்கம் மேஜையோடு நிற்கவில்லை. டீக்கடை உளுந்து வடையையும் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார்.

“வடையில ஓட்டை இருக்கத்தானே வேணுமுங்க அக்கா?” என்று கேட்டேன்.

“நடுவுல இருக்கோணும் கண்ணு. இது ஓரத்துல இருக்குது.”

எனக்குப் பார்த்திருந்த பெண்ணின் போட்டோவை ஒருநாள் ஆசையோடு காட்டினேன். ஜன்னலுக்கு நேரே பிடித்து, முன்னும் பின்னும் திருப்பிவிட்டுச் சொன்னார்: “புள்ளை சுத்தம். உன்னையத்தான் கண்ணு செகண்ட்ஸ்ல போடோணும்.” குறைப்பட்ட பனியன்களின் குவியலுக்கு செகண்ட்ஸ் என்று பெயர். நான் பேக்கிங்கில் பெட்டி கட்டுகிறவன். எங்கள் மேஜைக்கு அந்தக் குவியல் வந்ததே இல்லை. அன்றைக்கு முழுப் பகலும் என்னைப் பேக்கிங்கில் ஒருவரும் சேர்த்துக்கொள்ளவில்லை.

இப்படிப்பட்ட அக்காவின் வீட்டிலேயே ஓர் இழை அறுந்து போனது.

அக்காவின் தம்பி ராசு எங்கள் கம்பெனியிலேயே ஓவர்லாக் டைலர். அவன் தையல் நேராக ஓடும், நொய்யலில் வெள்ளம் வந்தது போல நிற்காமல் ஓடும். ஒருநாள் காலையில் மிஷின் தன்னைத் திட்டுகிறது என்றான். சிரித்தோம். எங்கள் சிரிப்பும் தன்னைப் பற்றித்தான் என்றான். அதற்கப்புறம் நாங்கள் சிரிக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த மிஷினின் பெல்ட்டைக் கழற்றி வீசினான். அது பாம்பு போலப் பறந்து போய், அப்போதுதான் படியேறி வந்த முதலாளியின் காலடியில் சுருண்டு விழுந்தது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

கோயமுத்தூர் டாக்டர் மனச்சிதைவு என்றார். மருந்து கொடுத்தார். சில மாதம் கழித்து ராசு திரும்பி வந்தான். காதுக்குள் கேட்ட இரைச்சல் அடங்கியிருந்தது. ஆனால் முகம் இஸ்திரி போட்ட பனியனாகிவிட்டது. ஒரு மடிப்புக் கிடையாது. அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை என்பது பாதிதான். அடுத்தவர் முகமும் அவனுக்குப் புரியவில்லை. கொட்டாவி விட்டால் கோபமா என்று பார்ப்பான். சிரித்தால் இரண்டடி பின்னால் போவான்.

முதலாளி அக்காவைக் கூப்பிட்டார். “ஒரு மாசம் பாப்பமுங்க. ஒருத்தரு, ஒரே ஒருத்தரு, ராசுவப் பாத்தாப் பயமா இருக்குதுன்னு சொன்னாலும் சேரி, அப்பறம் என்னையக் கேக்கப்படாது. கத்தரியும் ஊசியும் இருக்கற எடம்.”

“நாயமுங்க” என்றார் அக்கா.

டாக்டர் அக்காவிடம் இன்னொன்றும் சொல்லியிருந்தார். கோபம், துக்கம், பயம், சந்தோஷம் என்று ஒவ்வொன்றாக அவனுக்கு அடையாளம் காட்டுங்கள். வீட்டில் இருப்பவர்கள் உள்ளதை மறைக்காமல் வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு அவனையும் சொல்லச் சொல்லுங்கள். டாக்டர் பாவம், சாதாரண மனுஷியிடம் பேசுவதாக நினைத்துவிட்டார். வீட்டில் இருப்பதோ அக்கா ஒருத்தி. ஒரு முகத்தை வைத்துக்கொண்டு என்ன பாடம் நடத்துவது? கம்பெனியில் முப்பது முகம் இருக்கிறதே!

செக்கிங்கில் ஒரு வழக்கம் உண்டு. பனியனில் குறை இருக்கும் இடத்தில் நிற நூலால் முடிச்சுப் போட்டு வைப்பார்கள். கைத்தையல் அம்மா அந்த முடிச்சைத் தேடி, வெட்டி, அந்த இடத்தைத் தைத்து மூடுவார். மறுநாள் டீ நேரத்தில் அக்கா நாலு நூல்கண்டுகளை மேஜையில் வைத்தார்.

“செகப்பு கோவம். நீலம் துக்கம். பச்சை சந்தோசம். மஞ்ச பயம். காத்தால வந்ததும் ஆளுக்கொண்ணு சட்டைப் பித்தான்ல கட்டிக்கோங்க. மனசு மாறுச்சுன்னா நூலையும் மாத்திக்கோங்க. ராசு வந்து கேட்டா வாயால சொல்லோணும்.”

நாங்கள் ஒருவர் பித்தானை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் சீமையில் கோபம் வந்தால் பேச்சில் ‘ங்க’ ஒன்று கூடும், அவ்வளவுதான். பங்காளியோடு கோர்ட்டில் நிற்கும்போதுகூட ‘சாப்பிட்டீங்களா’ என்று கேட்கிற ஜனம். அந்த ஜனத்தை, நெஞ்சைப் பிரித்து வெளியே தொங்கவிடச் சொல்கிறாரே!

கட்டிங் மாஸ்டர் தயங்கினார். “ஏனுங்க, உள்ளதை உள்ளபடி கட்டுனா கம்பெனி நடக்குமுங்களா?”

“ஓட்டைய மறைச்சு அனுப்புனா கல்கத்தாவுலருந்து பண்டலே திரும்பி வந்துருமுங்க மாஸ்டர். கட்டுங்க.”

கட்டினோம். முதல் வாரத்தில் நான் கேட்டதையெல்லாம் எழுதினால் இந்தப் பத்திரிகை தாங்காது. பத்து வருஷம் அடுத்தடுத்த மிஷினில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர், ஒருவருக்கு எதிராக ஒருவர் சிவப்பு கட்டிக்கொண்டு வந்து, “உங்க மேல எனக்கு எட்டு வருசமாக் கோவமுங்க”, “எனக்கு ஒம்பது வருசமாங்க” என்று மரியாதையாக அறிவித்துவிட்டு, ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டார்கள். ராசு ஒவ்வொரு பித்தானாகப் பார்ப்பான், பிறகு முகத்தைப் பார்ப்பான், மறுபடி பித்தான். பள்ளிக்கூடப் பிள்ளை எழுத்துக்கூட்டுவது போல.

அப்புறம் கட்டிங் மாஸ்டர் சம்பவம். யார் மேலோ கொஞ்சூண்டு கோபம்; சட்டைப் பையின் பித்தானில் சிவப்பு கட்டியிருந்தார். சாப்பாட்டுக்குப் பிறகு சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்தார். கைத்தையல் அம்மாவுக்கு முப்பது வருஷப் பழக்கம். நூலைக் கண்டால் வெட்டு, இடத்தைக் கண்டால் தை. வழியில் சிவப்பு முடிச்சைப் பார்த்தார். வெட்டினார். பித்தானை விட்டுவிட்டு, சட்டைப் பையின் வாயை நெருக்கமாக, அழகாகத் தைத்து மூடிவிட்டுப் போய்விட்டார்.

விழித்த மாஸ்டர் மூக்குப்பொடி மட்டையை எடுக்கக் கையை விட்டார். கை போகவில்லை. மறுபடி விட்டார். முகம் மிளகாயானது. “எவ… எவருங்க… ஏனுங்க… எம்பட பையைங்க…” மூன்று ‘ங்க’ போட்டும் அடங்கவில்லை. நூல்தான் வெட்டப்பட்டுவிட்டதே, பித்தான் வெறுமையாக இருந்தது. கம்பெனியே வயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்க, ராசு எழுந்து அவர் முன்னால் போய் நின்றான். முகத்தையே பார்த்தான்.

“கோவமுங்க” என்றான்.

சிரிப்பு நின்றுவிட்டது. நூல் இல்லாமல் அவன் படித்த முதல் முகம் அது. மாஸ்டருக்குக் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. “கோவந்தான் கண்ணு, கோவந்தான்! சரியாச் சொல்லிப்போட்டே!” என்று தைத்த பையோடு அவனைக் கட்டிக்கொண்டார்.

ஆனால் ஒன்று. சிவப்பு, நீலம், பச்சை மூன்று கண்டும் இளைத்துக்கொண்டே வந்தன. மஞ்சள் கண்டு மட்டும் வந்த மேனிக்கு இருந்தது. ஒருவர் பயம் என்று சொன்னால் ராசு வெளியே. யார் கட்டுவார்கள்? நான் கட்டவில்லை. அவன் என் மேஜைக்கு வரும்போதெல்லாம் என் கை பெட்டி கட்டும் கயிற்றை இறுக்கிப் பிடிக்கும். பச்சை கட்டியிருந்தேன். “சந்தோசமுங்களா?” என்று கேட்பான். “ஆமா ராசு” என்பேன். சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டுப் போவான். முதலாளியும் தினமும் பச்சைதான்.

மாதம் முடிந்த நாள். காலையில் முதலாளி வந்தார். வாசற்படியிலேயே நின்று, பச்சை நூல் தெரிய நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

“ஒருத்தரும் மஞ்ச நூலைத் தொடலை. ராசு இருக்கட்டுமுங்க. எனக்கு ரொம்பச் சந்தோசம்.”

ராசு மிஷினை நிறுத்தினான். எழுந்தான். நடந்தான். அவன் ஓரடி வைக்க, முதலாளி ஓரடி பின்னால் போனார். ராசு நின்றான்.

“மொதலாளி, நூல் பச்சைங்க. மூஞ்சி மஞ்சளுங்க.”

இடி விழுந்த மாதிரி இருந்தது. அக்காவின் கை பனியனுக்குள் விரிந்தபடி அந்தரத்தில் நின்றுவிட்டது. ‘ஐயோ, உன் வேலையை நீயே தின்றுவிட்டாயே’ என்று நான் மனதுக்குள் அலறினேன்.

முதலாளி பித்தானைத் தடவினார். குரல் எங்கோ கிணற்றிலிருந்து வந்தது. “ஆமாப்பா. பயந்தான். அந்த பெல்ட்டு காலடியில உழுந்த நாள்லருந்து. நெதமும் இந்தப் படி ஏறயில மொதல்ல காலடியத்தான் பாக்கறேன்.”

அக்கா பனியனைக் கீழே வைத்தார். மதியச் சோற்றுத் தூக்குப்போசியை எடுத்தார். “வாடா ராசு, ஊட்டுக்குப் போலாம். ஒருத்தர் சொன்னாப் போதும்னு பேச்சு. சொல்லிட்டாருங்க.” தன் தம்பிக்காகக்கூட ஒரு குறையை மறைத்து அனுப்பத் தெரியாத ஜென்மம்!

ராசு நகரவில்லை. இஸ்திரி போட்ட அந்த முகத்தில், உதட்டோரம், ஒரு மடிப்பு விழுந்தது. நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

“எனக்கும் அதேதானுங்க மொதலாளி. என்னையப் பாத்தா எனக்கே பயமுங்க. மறுக்கா வந்துருமோன்னு.”

மேஜைக்குப் போய் மஞ்சள் கண்டில் ஒரு முழம் அறுத்து, தன் பித்தானில் கட்டிக்கொண்டான். அதைப் பார்த்துக்கொண்டு என் பச்சை நூலோடு என்னால் நிற்க முடியவில்லை. பிய்த்தெறிந்துவிட்டு ஒரு முழம் மஞ்சள் அறுத்தேன். பின்னால் கட்டிங் மாஸ்டர் கை நீட்டினார். கைத்தையல் அம்மா வளையலில் கட்டிக்கொண்டார். சற்று நேரத்தில் அந்தக் கண்டு பாதியாகிவிட்டது. முதலாளி சுற்றிப் பார்த்தார். கம்பெனியே வேப்பம்பழமாகப் பழுத்து நின்றது.

“இத்தனை பேருக்கும் பயமாங்க?” என்றார் வாய் பிளந்து.

“பயந்துக்கிட்டேதானுங்க ஒரு மாசம் ஓட்டுனோம்” என்றார் மாஸ்டர். “ஒண்ணும் ஆவலீங்களே. எம்பட பைதானுங்க போச்சு.”

முதலாளி தன் பச்சையை அவிழ்த்தார். ராசுவிடம் நேராகப் போனார், நெஞ்சைக் காட்டிக்கொண்டு நின்றார். ராசு மஞ்சள் கட்டிவிட்டான். “அப்பறம் என்னப்பா, மிஷினைப் போடு” என்று சொல்லிவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டே ஆபீசுக்குள் போய்விட்டார்.

அக்கா மட்டும் தூக்குப்போசியோடு நின்ற இடத்திலேயே நின்றார். அந்த ஒரு மாதமும் ஊருக்கெல்லாம் நூல் கொடுத்தவர் தனக்கென்று ஒன்று கட்டவே இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தோன்றியது. ராசு கிட்டே போனான். அக்காவின் தாடையைப் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே திருப்பினான். பனியனைப் பார்க்கிற மாதிரியே பார்த்தான்.

“நீலமுங்களா அக்கா? பச்சைங்களா?”

“போடா. கண்ணுல பஞ்சு உழுந்துருச்சு.”

ராசு யோசித்தான். இரண்டு நூலையும் எடுத்து, முறுக்கி ஒன்றாக்கி, அக்காவின் மணிக்கட்டில் கட்டினான். அக்கா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். குறை ஒன்றும் சொல்லவில்லை.

அதற்கப்புறமும் ராசு இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போனான். போவதற்கு முன்னால் தானே சொல்லிவிட்டுப் போனான், திரும்பி வந்து தன் மிஷினிலேயே உட்கார்ந்தான். அக்காதான் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை.

புதுப் பனியன் வாங்கினால் இப்போதும் கைவிட்டு, விரல் விரித்து, வெளிச்சத்தில் பார்க்கிறேன். நேற்று வாங்கியதில் அக்குளோரம் ஓர் ஓட்டை. கடையில் திருப்பிக் கொடுக்கவில்லை. அக்கா இல்லாத ஊரில் பனியன் பின்னே எப்படி இருக்கும் என்று சொல்லிக்கொண்டு, மாட்டிக்கொண்டேன்.