பதினோராவது அடியாள்

கைப்பேசியை எடுக்க மறுக்கும் என் அக்கா மகனுக்கு, உன் தாய்மாமன் சகல மரியாதைகளுடன் எழுதிக்கொள்வது. என் இடது முட்டி நீங்கலாக இங்கு யாவரும் நலம். உன் கோபமும் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன். இனி நான் சொல்லப்போவதை ஊரில் ஒருவரும் நம்பமாட்டார்கள், நீயும் நம்பமாட்டாய், எழுதுகிற எனக்கே கொஞ்சம் சந்தேகம்தான். இருந்தாலும், என்னால் உன் உதவி இயக்குநர் வேலை போயிற்று என்று அக்கா அழுவதால், நடந்ததைச் சொல்லாமல் இருப்பது தகாது.

கடைசிச் சண்டை எடுத்தபோது நீ வாசலில் வேடிக்கை பார்த்த கூட்டத்தை விரட்டிக்கொண்டிருந்தாய். உள்ளே, போதைப்பொருள் கிடங்கில், மைதா மாவைப் பொட்டலம் கட்டியபடி நாங்கள் நாற்பது கடத்தல்காரர்கள். உன் சிபாரிசில் நான் பதினோராவது ஆள். ஓய்வுபெற்ற உளவாளி, அதாவது நம் கதாநாயகர், மகளைக் கடத்திவிட்டார்களே என்று ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிய அதே கையோடு கதவை உடைத்து வந்தார். சண்டைப் பயிற்சியாளர் எங்களுக்குச் சொன்னது என்ன? "ஒவ்வொருத்தரா போங்க. அவர் கை படுறதுக்கு முன்னாடியே விழுந்துடணும்." எனக்குப் பொறுக்கவில்லை. "ஏம்ப்பா, நாம நாப்பது பேரு, அவரு ஒரே ஆளு, அதுவும் ரிட்டையர் ஆனவரு. பல் டாக்டர் வாசல்ல உக்காந்த மாதிரி எதுக்கு முறை வச்சுக் காத்திருக்கணும்? சேர்ந்து போனா கதை முடிஞ்சுது!" என்றேன். அவ்வளவுதான், நாற்பது பேரும் ஒரே பாய்ச்சல், கண்மூடித் திறப்பதற்குள் உளவாளி மாவு மூட்டைக்கு அடியில், கூரை ஆறடி எழும்பி மறுபடி உட்கார்ந்தது, பறந்த மாவில் மூன்று தெருவுக்கு ஆள் முகம் ஆளுக்குத் தெரியல, கதாநாயகர் "ஐயா, நான் திருந்திடுறேன், விட்டுடுங்க"ன்னு கும்பிடுறாரு, தயாரிப்பாளர் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு "நல்லவன் தோத்துட்டா எவன்யா டிக்கெட் வாங்குவான்?"னு அழறாரு, நான்தான் போனாப் போகுதுன்னு பெரிய மனசு பண்ணி, அவரைத் தூக்கி நிறுத்தி, தூசி தட்டி, அவர் கையை எடுத்து என் கன்னத்துல நானே வச்சுக்கிட்டுச் செத்தேன். இதுக்குப் போய் இயக்குநர் "யாருய்யா இந்த ஆளைக் கூட்டிட்டு வந்தது? அவனும் நாளைலேருந்து வரவேணாம்"னா, நான் என்ன பண்ணட்டும், நீயே சொல்லு.

நீ கோபம் தணிந்து, வயிறாரச் சாப்பிட்டு, ஒருநாள் முதுகில் 'இயக்குநர்' என்று எழுதிய நாற்காலியில் சாய்ந்து உட்காரும் யோகம் பெற வாழ்த்தும்,

உன் மாமன்

பின்குறிப்பு: மேலே உள்ள எதுவும் நடக்கவில்லை. என் முறை வரும்வரை அடக்கமாக நின்று, அடி படுமுன்பே ஒழுங்காக விழுந்து செத்தேன். மாவு மட்டும் மூக்கில் ஏறிவிட்டது. கதாநாயகர் என் பிணத்தருகே நின்று "இனி இந்த ஊரில் விஷம் இல்லை" என்று கண்கலங்கிய நேரம் பார்த்துத் தும்மினேன். அதுவும், அதனால் உன் வேலை போனதும்தான் நிஜம். நேற்று இயக்குநரைப் போய்ப் பார்த்து, தும்மல் என்னுடையது, மருமகன் பாவம் என்றேன். அவர் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். "செத்தவன் தும்மினா, அவன் சாகலைன்னுதானே அர்த்தம்? ரெண்டாம் பாகத்துக்கு வில்லன் கிடைச்சுட்டான்யா! உங்க மருமகனைக் காலைல வரச் சொல்லுங்க" என்றார்.

போனை எடுடா, மாப்பிள்ளை. வில்லன் கூப்பிடுகிறேன்.