மூன்றாவது வளைவுப் பள்ளம் குறித்து மாப்பிள்ளைக்கு

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொண்டது. இங்கு எல்லோரும் நலம், அங்கு நீங்களும் என் மகளும் நலமா என்று முதலில் கேட்பதுதான் முறை, கேட்டுவிட்டேன். உண்மையில் இங்கு என் இடுப்பு நலமாக இல்லை. போனிலேயே பேசியிருப்பேன். ஆனால் கோபத்தில் வாய் தவறி ஒருமையில் வந்துவிட்டால் மாப்பிள்ளை மரியாதை என்னாவது? கடிதம் என்றால் 'அவர்கள்' போட்டே திட்டலாம்.

அந்த 'கேபின்' விஷயத்துக்கு வருகிறேன். "மாமா, இந்தக் குளிருக்கு எங்க குரூப் மூணு நாள் கேபின்ல இருக்கோம், ஆஃப் ரோடு புரோகிராம், நீங்களும் அத்தையும் கண்டிப்பா வரணும்" என்றீர்கள். நெடுஞ்சாலைத் துறையில் முப்பத்து நான்கு வருடம் மேற்பார்வையாளராக ரோடு போட்டவன் கேபின் என்றால் எதை நினைப்பான்? பெரிய இன்ஜினியரின் கண்ணாடி அறையைத்தான் நினைப்பான். எங்கள் ஆட்கள் பேச்சில் ரோடு ஆஃப் என்றால் தண்ணீர் அரித்து ரோடு போய்விட்டது, வண்டியெல்லாம் நிற்கிறது என்று அர்த்தம். ஓய்வு பெற்று நான்கு வருடமாக என்னிடம் யாரும் ஒரு யோசனை கேட்டதில்லை, மாப்பிள்ளையாவது கேட்டாரே என்று பூரித்து, இஸ்திரி போட்ட சட்டை, கறுப்பு ஷூ, ஐம்பது மீட்டர் டேப், ரசமட்டம் எல்லாம் எடுத்து வைத்து, மாடி வீட்டுக்காரரிடமும் "ஆலோசனைக்குக் கூப்பிட்டிருக்காங்க, மூணு நாள் ஆகும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் மலைச்சரிவில் ஒரு மரப்பலகை வீடு, உள்ளே கம்பளித் தொப்பி போட்ட ஆறு பேர் கணப்பைச் சுற்றிக் குளிர் காய்கிறார்கள். நான் டேப்பும் கையுமாக நின்று "ரோடு எங்கே?" என்று கேட்டேன். ஜீப்புக்குச் சொந்தக்காரரான உங்கள் பல் டாக்டர் நண்பர், ரோடு இல்லாததுதான் அங்கிள் விசேஷம் என்றார். எல்லோரும் சிரித்தீர்கள். உங்கள் அத்தை மட்டும் சிரிக்கவில்லை என்பதையும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் காலையில் அந்த ஜீப்பில் எங்களை ஏற்றினீர்கள். இருநூறு அடி தள்ளி அருமையான தார் ரோடு இருக்கிறது, எந்தப் புண்ணியவான் போட்டானோ, ஓரத்தில் வாட்டம் விட்டு, தண்ணீர் வடிய வழி செய்து, பார்த்ததும் எனக்குக் கண் கலங்கியது, அதை விட்டு வேண்டுமென்றே கீழே இறங்கி, பனியும் சேறுமாய்க் கிடந்த சரிவில் வண்டியை விட்டால் மனுஷனுக்கு வயிறு எரியுமா எரியாதா? பல்லில் குழி விழுந்தால் அடைக்கிற டாக்டர், மண்ணில் குழி எங்கே எங்கே என்று தேடித் தேடிப் போகிறார். மூன்றாவது வளைவில் ஒரு பள்ளம். முன்சக்கரம் தொப்பென்று விழுந்தது, என் தலை கூரையில் இடித்தது, இடுப்பு பிடித்துக்கொண்டது, டேப் கதவு வழியாக உருண்டு சரிவில் போய்விட்டது. பின்சீட்டிலிருந்து ஒரு சத்தம். ஐயோ, உங்கள் அத்தை அழுகிறாள் என்று திரும்பினேன். சிரிக்கிறாள் மாப்பிள்ளை. வாயைப் பொத்தக்கூட இல்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். எனக்கு அடிபட்டதற்குச் சிரிக்கிறாளோ என்று பார்த்தால் அதுவும் இல்லை, "தம்பி, இன்னொரு தடவை விடுங்க" என்று டாக்டரிடம் கேட்கிறாள். அவரும் நான்கு தடவை விட்டார். ஐந்தாவது தடவை ஸ்டியரிங்கையே அவளிடம் கொடுத்துவிட்டார்.

போதும் இறங்கு, பள்ளத்தில் விழுவதில் என்ன பெருமை என்று கத்தினேன், கத்தியது தப்புதான். அவள் பதிலுக்குக் கத்தவில்லை. உங்கள் எல்லோர் முன்னாலும் நிதானமாகச் சொன்னாள்: "ஊருக்கெல்லாம் ரோடு போட்டீங்க. அதுல ஒண்ணுலயாவது என்னை உட்கார வச்சுக் கூட்டிட்டுப் போனீங்களா?"

துறை வண்டியில் குடும்பத்தை ஏற்றக் கூடாது என்பது விதி என்றேன்.

"ரிட்டயர் ஆகி நாலு வருஷம் ஆச்சே" என்றாள்.

நீங்கள் எல்லோரும் பனியை வேடிக்கை பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டீர்கள், அது எனக்கு இன்னும் அவமானம். அன்று ராத்திரி நைட் அவுட் என்று அடிவாரத்துப் பாட்டுக் கூடத்துக்குக் கிளம்பியபோது அவளும் உங்கள் தொப்பியை வாங்கி மாட்டிக்கொண்டு வந்தாள். நான் வெந்நீர்ப் பையோடு ஜீப்பிலேயே உட்கார்ந்து கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். தாளத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் கை தட்டிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து எட்டு நாள் ஆகிறது, சண்டையே போடவில்லை, வேளைக்குச் சாப்பாடு போடுகிறாள், ஏதோ பாட்டை முணுமுணுக்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது மாப்பிள்ளை.

எல்லாவற்றுக்கும் மூல காரணம் அந்தப் பள்ளம். பள்ளம் இல்லாவிட்டால் அவள் சிரித்திருக்க மாட்டாள், சிரிக்காவிட்டால் வாயைத் திறந்திருக்க மாட்டாள், இத்தனை வருடம் போல நிம்மதியாக இருந்திருப்போம். ஒரு லோடு ஜல்லி, அதன்மேல் கிராவல், அரை நாள் வேலை. அந்த மரவீட்டுக்காரரிடம் சொல்லிப் பள்ளத்தை மூட வையுங்கள். மூடும்வரை உங்கள் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன். இது மாமனார் வார்த்தை.

மகளுக்கு என் ஆசி. சம்பந்தி வீட்டாருக்கு வணக்கம். பல் டாக்டருக்கு ஒன்றும் இல்லை.

கோபமும் மரியாதையும் குறையாத,
மாமனார்

பி.கு.: உறையில் போடுமுன் இதை உங்கள் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். 'தொப்பென்று' என்ற இடம் வந்ததும் மறுபடி அதே சிரிப்பு. மேற்கொண்டு படிக்க முடியவில்லை. ஆகவே ஜல்லி வேண்டாம். அன்று டேப் உருண்டு போனாலும் திரும்பி வரும்போது பள்ளத்தைச் சாண் போட்டு அளந்து வைத்திருக்கிறேன்: நீளம் ஆறு சாண், அகலம் நான்கு, ஆழம் இரண்டரை. எவனாவது மூடித் தொலைத்தால் இதே அளவில் திரும்ப வெட்டச் சொல்லவும். டாக்டரிடம் என் வணக்கத்தைச் சொல்லி ஜீப்பை ஒரு நாள் கேட்டு வையுங்கள். நாங்கள் இரண்டு பேர்தான் வருவோம். இந்தத் தடவை அவள் என்னை உட்கார வைத்துக் கூட்டிப்போகிறாளாம்.