ஞானதாசனின் வலது கால்

கீரிப்பாறை ரப்பர் எஸ்டேட்டில் ஞானதாசனுக்கு இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். விடியுமுன்னே நெற்றியில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போனால் மதியம்தான் வீடு திரும்புவார். அதுவரை இரண்டு கால்களும் கம்பூட்ஸுக்குள் ஊறிக்கொண்டு கிடக்கும். வாசலில் அவர் கம்பூட்ஸைக் கழற்றினால் முதலில் பூனை வெளியேறும். அடுத்து அவர் மனைவி லீமா வெளியேறுவாள்.

அந்தக் கால்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். குதிகாலில் பித்தவெடிப்பு. தீக்குச்சியைச் செருகினால் விழாது. விரலிடுக்குகளில் சேற்றுப்புண். வலது சுண்டுவிரலில் ஆணி. இடது பெருவிரல் நகமோ வெளியே வளர வழி தெரியாமல் சதைக்குள் வளர்ந்துகொண்டிருந்தது. இத்தனைக்கும் மேல் நாலு வருஷமாகச் சர்க்கரை வேறு.

“இஞ்ச பாருங்க, வந்த உடனே கால நல்லா கழுவி, விரலுக்கெடையில ஈரம் இல்லாம தொடைக்கணும். பூட்ஸ வெயில்ல கமுத்தி வைக்கணும். இதுக்கு என்ன பெரிய பாடு?”

“ஏட்டி, காட்டுல நடக்க காலுக்கு இதெல்லாம் சகஜமாக்கும்.”

“சர்க்கர உள்ள காலாக்கும். முள்ளு குத்தினாலும் தெரியாது.”

“தெரியாட்டி நல்லதுதானே. நோவாது இல்லியா?”

லீமாவுடைய மூத்த அண்ணனும் இப்படித்தான் சிரித்துக்கொண்டே பேசினார். நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் இரண்டு கால்விரல்களை எடுத்த பிறகுதான் அந்தச் சிரிப்பு நின்றது. ஞானதாசனுக்கும் அது தெரியும். ஆனால் பெண்டாட்டி சொல்லி, ஒரு ஆம்பிளை காலுக்குக் களிம்பு தடவினால் எஸ்டேட்டில் எந்த முகத்தோடு நடப்பது? முடியாது என்றால் முடியாது என்று ஒற்றைக்காலில் நின்றார்.

அப்படியிருக்கும்போதுதான் தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு வந்தது. பூசை முடிந்ததும் பங்குத்தந்தை ஜெனித் பாதர் ஒரு பட்டியலை எடுத்தார். இயேசு சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்து, வருஷா வருஷம் ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று பங்கைச் சேர்ந்த பன்னிரண்டு ஆண்களைப் பீடத்துக்கு முன்னால் உட்காரவைத்துப் பாதர் அவர்கள் காலைக் கழுவுவார். அந்தப் பன்னிரண்டு பேரின் பட்டியல் அது. முதல் பெயர், ஞானதாசன்.

ஞானதாசனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இருபது வருஷமாகத் திருவிழாக் கொடியேற்றத்துக்குக் கயிறு பிடிக்கிறவர். ஒருமுறைகூட அந்த வரிசையில் அவரை உட்காரவைத்ததில்லை. பக்கத்து வீட்டு ஜேசுதாஸ் மூன்று தடவை உட்கார்ந்துவிட்டு, இயேசுவின் சீடர் பேதுருவின் சித்தப்பா மகன் மாதிரி ஊருக்குள் நடந்துகொண்டிருந்தான். இந்தத் தடவையும் அவன் பெயர் இருந்தது.

“பாத்தியா ஏட்டி? பாதர் ஆளப் பாத்துதான் எடுக்காரு. விசுவாசம் உள்ளவனுக்க மொகத்தப் பாத்தாலே தெரியும்.”

“மொகத்த இல்லியே கழுவப் போறாரு,” என்றாள் லீமா.

ஞானதாசனுக்குச் சுரீர் என்றது. வீட்டுக்குப் போனதும் குளிமுறிக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, பல வருஷத்துக்குப் பிறகு தன் காலைத் தானே உற்றுப் பார்த்தார். பார்த்துவிட்டு வேறுபக்கம் திரும்பிக்கொண்டார். பாதர் கழுவுவதோடு விடமாட்டார். துடைத்து, குனிந்து, பாதத்தில் முத்தம் கொடுப்பார். இந்தக் காலிலா? பாதருக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் பிஷப்புக்கு யார் பதில் சொல்வது?

லீமாவிடம் சொன்னால் வழி சொல்வாள். ஆனால் சொன்னால் தோற்றதாகிவிடும். பட்டியலிலிருந்து பெயரை எடுக்கச் சொன்னால் அந்த இடத்தில் ஜேசுதாஸின் மச்சான் வந்து உட்காருவான். கால் கழுவும் கல்லில் உட்கார்ந்து ரொம்ப நேரம் யோசித்தார். யோசித்ததில் ஒன்று பிடிபட்டது. பாதர் எப்போதும் வலது காலை மட்டும்தானே கழுவுவார்! அப்படியானால் வேலை பாதி. வலது கால் கோயிலுக்கு, இடது கால் வழக்கம்போல எஸ்டேட்டுக்கு. லீமாவிடம் முழுசாகத் தோற்றதாகவும் ஆகாது.

மறுநாள் மதியம் எஸ்டேட் டிஸ்பென்சரியில் நர்ஸ் பூங்கனியின் முன்னால் போய் நின்றார்.

“சிஸ்டரே, வலது காலுக்கு மட்டும் மருந்து தாங்க.”

“எடது கால் எங்க?”

“அது... வீட்டுல வச்சிட்டு வந்தேன்.”

“பின்ன இப்பம் எதுல நிக்கிய?”

ஞானதாசன் கூரையைப் பார்த்தார். பூங்கனி இரண்டு டியூப் கொடுத்தாள்.

“இது சேத்துப்புண்ணுக்கு. புண்ணு ஆறினாப்ல தெரிஞ்சாலும் நிறுத்தப்பிடாது. இது வெடிப்புக்கு, குதிகால்ல மட்டும் தேய்க்கணும், விரலுக்கெடையில போடப்பிடாது. சுடுவெள்ளத்துல கால வைக்காதீங்க, சர்க்கர உள்ளவியளுக்குப் பொள்ளுனாலும் தெரியாது. நகத்த நேரா வெட்டணும். ஆணிய டாக்டரு வரும்போது காட்டுங்க, பால்வெட்டுக் கத்திய எடுத்துச் செதுக்கிராதீங்க. எல்லாம் ரெண்டு காலுக்குமாக்கும், கேட்டியளா?”

“கேட்டேன்,” என்றார் ஞானதாசன். அவர் பொய் சொல்லவில்லை. கேட்கத்தான் செய்தார்.

அன்றுமுதல் வலது காலுக்கு ராஜ மரியாதை. லீமா தையல் கிளாசுக்குப் போனதும் சோப்புப் போட்டுக் கழுவுவார், விரல் விரலாகத் துடைப்பார், தடவுவார். டாக்டர் வந்தபோது ஆணியையும் காட்டிச் சீவிக்கொண்டார். பத்தே நாளில் சேற்றுப்புண் காய்ந்தது, வெடிப்பு கூடியது. ஞானதாசன் வலது காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அதன் அழகைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆனால் ஒரு சிக்கல். கோயிலில் எல்லாரும் வெறுங்காலோடுதான் உட்கார வேண்டும். இடது குதிகால் வேட்டிக்கு வெளியே எட்டிப்பார்த்தால்? அதற்கும் அவரிடம் வழி இருந்தது. இருபத்தெட்டு வருஷம் மரத்தின் பாலோடு பழகியவருக்கு வேறென்ன தோன்றும்? மரத்தில் கட்டிய சிரட்டையிலிருந்து ரப்பர் பாலை எடுத்து வெடிப்புகளில் ஊற்றி அடைத்தார். காய்ந்ததும் மேலே இன்னொரு பூச்சு. குதிகால் சிமெண்டுத் தரை மாதிரி வழுவழுவென்று ஆகிவிட்டது. இந்த மூளை ஏன் வேறு எவனுக்கும் வரவில்லை என்று தன்னையே மெச்சிக்கொண்டார்.

பெரிய வியாழன் சாயங்காலம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் பன்னிரண்டு பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஞானதாசன் தானாகவே கடைசி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். ஓரக்கண்ணால் மற்றவர்களின் கால்களைப் பார்த்தார். அத்தனையும் பளபளத்தன. ஜேசுதாஸின் கால்கூடப் பச்சைப்பிள்ளை கால் மாதிரி இருந்தது. கள்ளப்பயல்கள், எல்லாரும் ரகசியமாக வைத்தியம் பார்த்திருக்கிறார்கள்!

பாதர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு ஜேசுதாஸின் முன்னால் மண்டியிட்டார். வலது காலைக் கழுவித் துடைத்து முத்தமிட்டார். பிறகு, சட்டையில் குத்தியிருந்த சின்ன மைக் வழியாக, கோயில் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: “மத்தக் காலையும் வைங்க. இந்த வருஷம் ரெண்டு காலு.”

ஞானதாசனுக்கு வேர்த்துக் கொட்டியது. இரண்டாவது ஆளுக்கும் இரண்டு கால். மூன்றாவதுக்கும். இடது காலை நாற்காலிக்கு அடியில் எவ்வளவு தூரம் இழுக்க முடியுமோ அவ்வளவு இழுத்தார். பதினோராவது ஆளும் முடிந்து பாதர் அவர் முன்னால் வந்துவிட்டார். வலது கால் கழுவப்பட்டது.

“நல்ல காலு. இனி மத்தது.”

“வேண்டாம் பாதர், ஒண்ணு போரும். இயேசு கழுவ வந்தப்பம் பேதுருகூட வேண்டாம்னுதானே சொன்னாரு?”

“அதுக்குப் பொறவு பேதுரு தலையையும் கழுவச் சொன்னாரு. தலையையும் கழுவட்டா?”

கோயிலில் மெல்லச் சிரிப்பு கிளம்பியது. வேறு வழியில்லாமல் இடது கால் வெளியே வந்தது. பாதர் தண்ணீர் ஊற்றித் தேய்த்தார். குதிகாலிலிருந்து நீளமாக ஒரு நாடா உரிந்து அவர் கையோடு வந்தது. பாதர் அதை இழுத்தார். அதுவும் இழுபட்டது.

“ஞானதாசா, இது என்னவாக்கும்?”

“ரப்பர் பாலு, பாதர்,” என்றார் ஞானதாசன். அதையும் மைக் விடவில்லை.

பாட்டுக் குழு பாட்டை மறந்தது. பெண்கள் பக்கம் முந்தானைகள் வாய்க்குப் போயின. பாதர் மட்டும் சிரிக்கவில்லை. மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, “இதுக்கு அடியில புண்ணு இருக்கு, தெரியுமா?” என்று கேட்டார்.

ஞானதாசனுக்குத் தெரியாது. கொஞ்சம்கூட வலிக்கவில்லை. வலிக்கவில்லை என்பதுதான் அவரை உலுக்கிவிட்டது. லீமாவுடைய அண்ணனின் இரண்டு விரல்கள் நினைவுக்கு வந்தன. பாதர் அந்தக் காலையும் பைய ஒற்றித் துடைத்து முத்தமிட்டபோது, அவமானமா பயமா என்று தெரியாமல் அவருக்குக் கண் கலங்கியது.

பூசை முடிந்ததும் பூங்கனி கோயில் முற்றத்திலேயே காலைப் பார்த்தாள். “கர்த்தர் காத்தாரு, புண்ணு மேலாகத்தான் இருக்கு. காலையில வீட்டுக்கே வந்து மருந்து கட்டுதேன், பொறவு டாக்டர்ட்ட காட்டணும்,” என்றாள். பக்கத்தில் நின்ற லீமாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

வீட்டில் லீமா அந்தக் காலைத் தன் மடியில் எடுத்து வைத்து, மிச்சமிருந்த ரப்பரைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்தாள். திட்டவில்லை. அது ஞானதாசனுக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

“ரெண்டு காலையும் கழுவணும்னு பாதர்ட்ட யாரு சொன்னது?”

“நானாக்கும். எடது கால வீட்டுல வச்சிட்டுப் போன கதைய பூங்கனி அன்னைக்கே வந்து சொல்லியாச்சு.”

“செரி, நான் தோத்தாச்சு. இனி ரெண்டு காலுக்கும் நீ சொன்னபடி.” ஞானதாசன் பெருமூச்சு விட்டார். பிறகு, மிச்சமிருந்த மானத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். “ஆனா ஒண்ணு. எனக்க விசுவாசத்தப் பாத்துதானே பாதர் மொதப் பேரா எனக்க பேர எடுத்தாரு? அத ஒனக்கு இல்லன்னு சொல்ல முடியாது.”

லீமா களிம்பை எடுத்துக்கொண்டே சொன்னாள்: “சேந்து செபம் சொல்லுக எங்க அன்பியத்துப் பெண்ணுவ எல்லாம் பாதர்ட்ட போயி, ஆம்பிளையள் சொன்னா கேக்க மாட்டாவ, ஊருக்கு முன்னால கால நீட்ட வச்சாத்தான் கேப்பாவன்னு சொன்னோம். பங்குலேயே மோசமான காலு உள்ள பன்னெண்டு பேர எழுதித் தாங்கன்னாரு.”

“அப்பம், எனக்க பேரு?”

“உங்களுக்குப் போட்டியே இல்ல. மத்த பதினோரு பேருக்குத்தான் ஓட்டு போட வேண்டி வந்துது.”