கொம்பர் உறிஞ்சிய கட்டி

கப்பல்துறையில் அந்த வருடம் பஸ்கள் ஒழுங்காக நின்றன. அற்புதங்களில் முதலாவது அது. மூதூரிலிருந்து லாஞ்சியேறி வந்தவர்களும், சீனன்குடாவில் லீவு போட்டு வந்தவர்களும் இறங்கிப் போனது கட்டி எடுக்கும் வைத்தியர் கொம்பரின் கொட்டிலுக்கு. மாட்டுக் கொம்பைக் கட்டியில் வைத்து உறிஞ்சுவார். கட்டியை வேரோடு கிண்ணத்தில் துப்புவார். முஸ்லிம் பெண்களென்றால் முக்காட்டை விலக்கச் சொல்லமாட்டார், துணிக்கு மேலாலேயே உறிஞ்சுவார். எவ்வளவு மரியாதையான மனுசன்! வீக்கம் மட்டும் மூன்று மாதத்தில் வற்றும் என்பார். மூன்று மாதத்துக்குப் பிறகு முறையிட எவரும் உயிரோடு இருந்ததில்லை.

றுக்கியாவின் அக்கா, ஸுல்பிகா ராத்தாவுக்குத் தைரொயிட் புற்றுநோய். கட்டி கழுத்தின் ஒரு பக்கத்தில், தலையிலிருந்து இரத்தத்தை இறக்கும் குழாய்க்குள்ளும் நுழைந்திருந்தது. குழாயை மேலும் கீழும் கட்டி, நோய்ப்பட்ட துண்டையும் கட்டியோடு சேர்த்து வெட்டியெடுக்கலாம், திங்கட்கிழமை வாருங்கள் என்றார் கொழும்பு டாக்குத்தர்.

"ரத்தக் குழாய வெட்டினா நான் மௌத்தாகிருவன்டி. கொம்பர் வெட்டாமலே எடுப்பாராம்."

"மத்தப் பக்கத்திலயும் குழாய் இருக்கு ராத்தா. ரத்தம் அதால இறங்கும் எண்டு டாக்குத்தர் சொன்னாரே."

"அவருக்கென்ன? கழுத்து என்ட!"

றுக்கியாவுக்கு அழுகை முட்டியது. ராத்தா செத்துவிடுவாள் என்ற பயம். கண்ணைத் துடைத்துக்கொண்டு குசினிக்குள் போனாள்.

மறுநாள் கொம்பரின் கொட்டிலில், ராத்தாவை முந்திக்கொண்டு றுக்கியாதான் முதலில் கதிரையில் அமர்ந்தாள். முக்காட்டுக்குள் கழுத்தோரம் ஒரு வீக்கம் தள்ளிக்கொண்டு நின்றது.

"அல்லாஹ்! உனக்குமா?" என்று ராத்தா பதறினாள்.

"பொல்லாத கட்டி, தங்கச்சி. வேர் நெஞ்சு வரைக்கும் போயிட்டுது," என்றார் கொம்பர். உறிஞ்சினார். கண்ணைப் பிதுக்கினார். துப்பினார். கிண்ணத்தில் சிவந்த உருண்டையொன்று விழுந்தது. கூட்டம் பக்தியோடு கண்ணை மூடியது. கொம்பருக்கும் அதுதான் வசதி.

"முழுக்க வந்திட்டுதா?"

"ஓம் தங்கச்சி, வேரோட."

றுக்கியா முக்காட்டை உதறினாள். ஒரு தேசிக்காய் உருண்டோடியது.

"என்ட கட்டி இந்தா ஓடுது. அப்ப கிண்ணத்தில கிடக்கிறது ஆர்ர கட்டி?"

விளக்கம் சொல்லக் கொம்பர் வாயைத் திறந்தார். கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்திருந்த அடுத்த கட்டியும் வெளியே விழுந்தது. ராத்தாவுக்கென்று வைத்திருந்தது. கோழி ஈரல்.

ராத்தா அதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "கொழும்பு பஸ் எத்தினை மணிக்கு?"

ஒரு பக்கக் குழாயும் கட்டியும் போய், ராத்தா வீடு வந்து சேர்ந்தாள். அன்றே ஊரைவிட்டு ஓடிய கொம்பர் எப்போது திரும்புவார் என்று கொட்டிலடியில் இன்னும் சிலர் விசாரிக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை: கழுத்தில் இரத்தக் குழாய் இரண்டு பக்கமும் உண்டு, ஒன்று போனாலும் சமாளிக்கலாம். அதற்கு மேலே இருக்கும் தலை ஒன்றுதான். அதையும் இடைக்கிடை பாவியுங்கள்.